வளையல்காரத் தெருவில் குளிர் இறங்கிய கோடை

வேலூரில் வெயில் என்பது மாசி முடிவதற்குள் வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டிவிட்டு, கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, ஆடிக்காற்று வந்து எழுப்பினாலும் எழுந்து போகாத உறவுக்காரனைப் போன்றது. கோபித்துக்கொள்ளவும் முடியாது, வடித்துக் கொட்டாமல் இருக்கவும் முடியாது. அப்படிப்பட்ட ஊரில், பழைய வளையல்காரத் தெருவில், டாக்டர் பாக்கியநாதனுடைய மாடிக் கூடத்தில், ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் குளிர் இறங்கியது.

பாக்கியநாதன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தி பிடித்தவர்களுக்குத்தான் மாலை விழுந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து, தூங்குகிறவனுடைய மூச்சில் ஏதாவது பிசகு தட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த இவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. காலம் முழுக்கப் பிசகைக் கேட்டே பழகிய அந்தக் காது, ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. அதற்கு ஒரு வேலை வேண்டும் என்பது போல அவர் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரை வாங்கினார். பெங்களூரில் ஒரு பைத்தியக்காரன் தன் கையாலேயே கம்பி சுற்றி, பற்றவைத்து, ஆளுயர ஸ்பீக்கர்களோடு விற்ற சாமான் அது. கருங்கல் போல இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றின் தலையிலும் கத்தரிக்காய் அளவுக்குக் கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் அவற்றுக்குள் கம்பி மெல்லச் சிவந்து, அந்தி வானம் ஒரு குப்பிக்குள் அடைபட்ட மாதிரி நிற்கும்.

எல்லாம் இருந்தது. ஆனால் வந்த நாளிலிருந்து அதில் ஒரு ரீங்காரமும் இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில், தூரத்துக் கிணற்றில் மோட்டார் ஓடுவது போல, உர்ர்ர் என்று. அதைப் பிடிக்க அவர் செய்யாதது இல்லை. இடது வால்வை வலதில் மாட்டிப் பார்த்தார். ரீங்காரம் கூடவே போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, தனி எர்த் போட்டார். ஃப்ரிட்ஜை நிறுத்தினார், மீன் நாறியது, ரீங்காரம் நிற்கவில்லை. பெரிய கெபாசிட்டர்களை மாற்றினார், டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தார், பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் தட்டித் தட்டி, நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்ப்பது போல, காதை வைத்துக் கேட்டார். பெங்களூர்க்காரனுக்குப் போன் போட்டால், அவன் எதைச் சொன்னாலும் "எர்த்தைப் பாருங்க சார்" என்பதோடு முடித்துக்கொள்வான்.

அவர் மனைவி ஹெப்சிபா, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரின் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பாள். அவளுக்குப் பிடித்தது ஒரு பழைய வீணை ரெக்கார்டு. வாசித்தவள் பெயர் அட்டையில் அழிந்துபோயிருந்தது.

"கேட்டியா ஹெப்சி?" என்பார் அவர், பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி.

"கேட்டேங்க. அந்த எடத்துல ஒரு நிமிசம் அழுவுற மாதிரி வந்து, அழாம போயிடுச்சி பாருங்க."

"அது இல்ல. அதுக்குக் கீழ. உர்ர்ருன்னு."

"அது எனக்குக் கேக்கலியே," என்பாள் ஹெப்சிபா. அவர் மறுபடி பெட்டிக்குப் பின்னால் போய்விடுவார். அவர்களுடைய மணவாழ்க்கையின் பிற்பகுதி முழுவதும் இப்படி, அவள் பெட்டிக்கு முன்னாலும் அவர் பெட்டிக்குப் பின்னாலுமாக நடந்தது. இதில் சண்டை என்று ஒன்றும் இல்லை, பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சித்திரைப் பகலில், எங்கோ ஒரு தேசத்தில் மூடிப்போன தொழிற்சாலையின் கிடங்கிலிருந்து வரவழைத்த புது வால்வுகளை மாட்டி, சுவிட்சைப் போட்டார். கம்பிகள் கங்கு போலச் சிவந்தன. ஹெப்சிபா வீணை ரெக்கார்டை வைத்தாள். முதல் பக்கம் பாதி ஓடுவதற்குள் கூடத்தின் சுவர்கள் வேர்த்தன. தரை, கார்த்திகை மாதத்துக் காலையில் கால் வைத்தது போல ஜில்லென்றது. பாக்கியநாதன் புறங்கையை வால்வுக்கு அருகில் கொண்டுபோனார். தோலை உரித்துவிட வேண்டிய அந்தக் கண்ணாடி, புதுப் பானையின் கழுத்தைப் போலக் குளிர்ந்திருந்தது. அவர் மல்டிமீட்டரை எடுத்து எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியான அளவில் இருந்தது. ரீங்காரமும் இருந்தது. குளிரைப் பற்றி அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ரீங்காரம் போகவில்லையே என்றுதான் அன்று சாப்பிடாமல் இருந்தார்.

ஹெப்சிபாதான் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். குளிர் படிக்கட்டில் இறங்கி, தெருவுக்குப் போய், எதிர்வீட்டுச் சுபைதாவின் கைக்குழந்தையைத் தொட்டது. முதுகெல்லாம் வேர்க்குரு பழுத்து, பத்து நாளாகத் தூங்காமல் அலறிக்கொண்டிருந்த பிள்ளை, பாதி அலறலில் வாயை மூடி, இமையை மூடி, தூங்கிப்போனது. சுபைதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்து, "அம்மா, இங்கியே ஒரு ஓரமா குந்திக்கட்டுமா?" என்று கேட்டாள். ஹெப்சிபா பாயை விரித்தாள்.

அடுத்து வந்தவர் பரசுராமன். ஹார்டுவேர் கடைக்காரர், தெரு நலச் சங்கத்தின் தலைவர், தெருவில் ஒரு குழாய் ஒழுகினாலும் தன் மீசை ஒழுகுவது போலப் பதறுகிறவர். வாசல்படியில் நின்று, சட்டைக்குள் காற்றை விட்டு, கண்ணை மூடி அனுபவித்தவர், "இன்னா சார் இது, ஊட்டி கணக்கா கீது! பகல்ல கொஞ்சம் கூட நேரம் ஓடட்டுமே, ஜனங்களுக்குப் புண்ணியமா போவும்," என்றார். ஏன், எப்படி என்று அவர் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. தாகம் எடுத்தவன் ஆற்றின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை.

இப்படியாகத் தெரு குளிருக்குப் பழகியது. மாடிக் கூடம் நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, வாசல் நிறைந்து, பாய்கள் தெருமுனை வரை நீண்டன. வளையல்காரத் தெருவில் தயிர் உறையாமல் போனது, இட்லி மாவு பொங்காமல் கல்லாய்க் கிடந்தது. பெண்கள் மாவுச் சட்டியைப் பக்கத்துத் தெருவுக்கு எடுத்துப்போய்ச் சொந்தக்காரர் வீட்டில் வைத்துப் புளிக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். குல்ஃபி வண்டிக்காரன் வண்டியில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி மிளகாய் பஜ்ஜி போட்டான். மல்லிகை மொட்டு அவிழ மறுத்ததால் பூக்காரி பகல் முழுக்கத் தெருமுனை வெயிலில் கூடையை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைத் திட்டிக்கொண்டு நின்றாள். கத்திரி வெயில் பிறந்தபோது, ஊரெல்லாம் தார் உருகிச் செருப்பில் ஒட்ட, இந்தத் தெருவில் மட்டும் கிழவர்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு தாயம் உருட்டினார்கள். வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் பழத்தட்டோடு வந்து சமாதானம் ஆனார்கள். அந்தத் தெருப் பெண்களுக்கு எங்கிருந்தோ வரன்கள் வந்து குவிந்தன. மின்சாரம் போனால், பரசுராமன் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை இழுத்துவந்து டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"மிஷினைப் போடுங்க சார்," என்பார்கள், ஃபேனைப் போடுங்கள் என்பது போல. வீணை ஓடும். கீழே வெங்காயம் உரிப்பார்கள், சீட்டு ஆடுவார்கள், மருமகளைப் பற்றிப் பேசுவார்கள். பாட்டு, ஃபேன் சுற்றும் சத்தத்தைப் போல, அவர்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பாக்கியநாதனுக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. அவர் பெட்டிக்குப் பின்னால், மல்டிமீட்டரும் கையுமாக, ரீங்காரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஹெப்சிபாவின் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டு, அவள் ஆற்றுவதற்குள் திரும்பிப் பார்த்தவர், ஆவி பறந்த காப்பியில் ஆடை படிந்திருப்பதைப் பார்த்தார். டம்ளரைத் தொட்டார். பிறகு அவள் விரல்களைத் தொட்டார். அறுவை மேசையில் கிடந்த எத்தனையோ உடம்புகளின் குளிர்ச்சியைத் தொட்டறிந்த அந்த விரல்கள் சட்டென்று பின்வாங்கின.

"ஹெப்சி, ஒனக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"நல்லாதான் இருக்கேன். ஏன்?"

தெர்மாமீட்டரை வைத்தார். பாதரசம் அசையவில்லை. உதறி வைத்தார், வேறொன்றை வைத்தார். நாடி நிதானமாக ஓடியது, மூச்சு சுத்தமாக இருந்தது, பசித்தது, தூங்கினாள், கண்ணில் ஒளி குறையவில்லை. சூடு மட்டும் இல்லை. நெற்றி, வயிறு, பாதம், எல்லாம் தண்ணீரில் கிடந்த கல்லைப் போல. "வலிக்குதா? நடுங்குதா?" என்று அவர் கேட்கக் கேட்க, அவள் வேண்டாம் என்பது போலக் கையசைத்து, அந்த இடம் வருகிறது, வீணை அழப்போய் அழாமல் திரும்புகிற இடம், என்று ஜாடை காட்டினாள்.

அதே வாரத்தில் சுபைதா ஓடிவந்தாள். "டாக்டரய்யா, புள்ள ஒடம்பு ஐஸாட்டம் கீதுய்யா! சிரிக்கிது, பால் குடிக்கிது, ஆனா தொட்டா பயமா கீது."

குழந்தையை வாங்கிப் பார்த்தவருக்கு, அது எப்போதும் எங்கே கிடந்தது என்பது நினைவுக்கு வந்தது. வீணை தொடங்கினால் பால் குடிப்பதைக்கூட விட்டுவிட்டு ஸ்பீக்கரையே வெறித்துக்கொண்டு கிடக்கும் குழந்தை அது. கூடத்தில் வெங்காயம் உரித்தவர்கள் சூடாக இருந்தார்கள். தாயம் உருட்டியவர்கள் சூடாக இருந்தார்கள். அவர் தன் கழுத்தடியில் கைவைத்துப் பார்த்தார். நல்ல சூடு.

"நீ கெளம்பு," என்றார் சுபைதாவிடம். "பேரணாம்பட்டுக்கு, ஒன் அம்மா வீட்டுக்குப் போ. இங்க வராத." போன இரண்டொரு நாளில் பிள்ளை சூடாகிவிட்டது என்று செய்தி வந்தது.

அன்று சாயங்காலம் அவர் ஹெப்சிபாவின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தனக்குப் புரிந்ததைச் சொன்னார். கேட்கிறவர்களிடமிருந்துதான் அது எடுக்கிறது என்றார். யார் காது கொடுத்து, மனசு கொடுத்துக் கேட்கிறார்களோ அவர்களுடைய சூட்டை எடுத்துத்தான் தெருவுக்குக் குளிர் தருகிறது என்றார். ஹெப்சிபா கோபமே இல்லாமல், பரிவோடு சிரித்தாள்.

"அப்ப ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க," என்றாள்.

அவர் எழுந்து சுவிட்சை அணைத்தார். வால்வுகளைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார். கேட்டவர்களிடம் காரணத்தை மறைக்கவில்லை. ஹெப்சிபாவை ராணிப்பேட்டையில் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். தங்கை அவளை வெயிலில் உட்காரவைத்தாள், கம்பளி போர்த்தினாள், மிளகுக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். ஆனால் பிள்ளைக்கு ஏறிய சூடு பெரியவளுக்கு ஏறவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்டவள் அல்லவா. ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு, "என் வீட்டு நாற்காலியில போய் ஒக்காந்துக்கறேன்" என்று திரும்பி வந்துவிட்டாள்.

தெருவில் வெயில் இறங்கிய விதத்தை என்ன சொல்ல. பழக்கம் விட்டுப்போன உடம்புகளின் மேல் அது முன்னைவிடக் கொடுமையாக விழுந்தது. இஸ்திரி போடும் கன்னியப்பன், பெட்டியில் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே மேசைமேல் சாய்ந்து இறந்துபோனார். அவருக்கு வயதாகியிருந்தது, வேறு எந்தக் கோடையிலும் அது நடந்திருக்கலாம். ஆனாலும் பாடை டாக்டர் வீட்டைக் கடக்கும்போது பறையடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், எல்லோரும் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மறுநாள் பரசுராமன் வந்தார். பின்னால் தெருவே வந்தது.

"சார், நாங்க கேக்கறது தப்புதான். ஹெப்சிம்மா ஒடம்பு முக்கியம், இல்லன்னு சொல்லல. ஆனா கொழந்தகுட்டி, கெழடுகட்ட எல்லாம் துடிக்குது சார். கொஞ்ச நேரம். மத்தியானத்துல மட்டும். ஹெப்சிம்மாவ உள்ரூம்ல கதவ சாத்தி ஒக்கார வெச்சிட்டா போவுது."

"பரசுராமன், அவ கேக்கலன்னா குளிரே வராது."

பரசுராமன் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருக்கும் தெரிந்திருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியநாதன் கதவைச் சாத்தினால், சாத்திய கதவுக்கு வெளியே அவர்கள் மூச்சு விடுவது கேட்டது.

"போடுங்க," என்றாள் ஹெப்சிபா.

"ஒனக்கென்ன பைத்தியமா? அவங்களுக்காக நீ..."

"அவங்களுக்காகன்னு யார் சொன்னது? போட்டாலும் போடலன்னாலும் இந்தக் குளிர் என்ன வுட்டுப் போவப்போறதில்ல. கேட்டுட்டே இருக்கேனே." அவள் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். "ஒண்ணு பண்ணுங்க. இன்னிக்கி பொட்டிக்குப் பின்னால போவாதீங்க. இப்பிடி வந்து ஒக்காருங்க. ஒரே ஒரு தடவ எங்கூட கேளுங்க."

அவர் பீரோவைத் திறந்தார். வால்வுகளை மாட்டினார், அவை சிவந்தன. முள்ளை இறக்கிவிட்டு வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். பனிக்கட்டியைப் பிடித்தது போல எரிந்தது, விடவில்லை. வீணை தொடங்கியது. குளிர் படியிறங்கிப் போய், கீழே ஒரு பெருமூச்சாக, பிறகு சிரிப்பாக, பிறகு பேச்சாக மாறியது.

கேட்கத்தான் முயன்றார். கர்த்தரே, என்னிடமிருந்தும் எடுத்துக்கொள்ளும், இவள் போகிற இடத்துக்கு என்னையும் கொஞ்சம் கொண்டுசெல்லும், என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு மீட்டலாகப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தார். ஒரு கணம் ஏதோ வந்ததுபோலவும் இருந்தது. விரல்நுனியில் ஒரு சிலிர்ப்பு. அப்போது இடது ஸ்பீக்கரில், ஈரவிறகு வெடிப்பது போல, சட்டென்று ஒரு பொரிச்சத்தம் கேட்டது.

கண்ணைத் திறக்கக் கூடாது என்று இருந்தார். மறுபடி பொரிந்தது. வால்வு உட்காரும் குழியில் அழுக்கு இருக்கும். அல்லது வால்வின் கால்கம்பி தளர்ந்திருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். மறுபடியும் பொரிந்தது. வீணை இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. பொரிச்சத்தத்துக்கும் பொரிச்சத்தத்துக்கும் இடையில் அவர் காது, பசித்த நாய் வாசலில் காத்திருப்பது போலக் காத்திருந்தது.

"இரு, இதோ வந்துட்டேன்," என்று அவள் கையை மடியில் வைத்துவிட்டு எழுந்தார். பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, துணியால் வால்வைப் பிடித்து மெல்ல ஆட்டி, குழியில் அழுத்தி உட்காரவைத்தார். பொரிச்சத்தம் நின்றது. வீணை தெளிந்த தண்ணீரைப் போல வந்தது. அந்தத் தண்ணீருக்கு அடியில், வாங்கிய நாளிலிருந்து இருந்த ரீங்காரமும், யாரோ மோட்டாரை நிறுத்தினாற்போல, நின்றுவிட்டிருந்தது.

"ஹெப்சி!" என்று துள்ளி எழுந்தார். "போயிடுச்சி ஹெப்சி! கேட்டியா?"

அவள் ஸ்பீக்கரின் மரத்தில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் வந்து, அழப்போய், அழாமல் போயிற்று. அவள் கேட்கவில்லை. கீழே தாயக்கட்டை உருளும் சத்தமும் யாரோ எதற்கோ சிரிக்கும் சத்தமும் வந்தன. பிறகு, மெல்ல மெல்ல, "இன்னாடா இது, வேர்க்குது" என்று ஒரு குரல் வந்தது.

ஹெப்சிபாவின் அடக்கம் முடிந்த பிறகும் அந்த வருஷத்து வெயில் முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், எழுந்து போகவில்லை. கடைசியில் பரசுராமன்தான், "ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா சார்?" என்றார். பாக்கியநாதன் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் ஒரு சூடு வேண்டும். வால்வுகள் சிவந்தன, கொதித்தன, கூடம் அடுப்பங்கரை ஆனது.

"நாம கேக்கணும்யா. ஒழுங்கா கேக்கணும்," என்றார் பரசுராமன். சீட்டுக்கட்டை ஒளித்தார்கள், குழந்தைகளை அதட்டினார்கள், தெருவே கண்ணை மூடிக்கொண்டு கோயிலில் உட்காருவது போல உட்கார்ந்தது. அவர்கள் உண்மையாகவே முயன்றார்கள். ஆனால் ஒருத்தியின் மனசு உலையில் வைத்த அரிசிக்குப் போனது, ஒருவன் மனசு கோர்ட்டுக் கேஸுக்குப் போனது. பரசுராமனோ, கேட்கிறேனா, கேட்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததில் வீணையைக் கேட்கவில்லை. எல்லாருடைய நெற்றியிலும் வேர்வை வழிந்தது. கூடியிருந்த அத்தனை பேரில் ஒரு ஆளுக்காவது ஒரு பாட்டைக் கேட்கத் தெரியவில்லை என்பது, அங்கே, எல்லோர் முன்னாலும், எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சுபைதா துக்கத்துக்காகப் பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்தாள். படியில் நின்றவளிடம், பரசுராமன் தரையைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி, புள்ளைய... ஒரு அர மணி நேரம் மட்டும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. சுபைதா பிள்ளையின் இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் பொத்தி, மார்போடு அணைத்துக்கொண்டு, படியிறங்கி, தெருவைத் தாண்டி, வெயிலில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அவளைத் தடுக்க ஒருவரும் எழவில்லை; ஆனால் ஒருவர்கூட அந்த யோசனையைத் தப்பு என்று சொல்லவும் இல்லை.

பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். பரசுராமன் மட்டும் வாசலில் தயங்கி நின்று, பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்த டாக்டரிடம், "இன்னா சார், எதுனா கோளாறு தெரியுதா?" என்று கேட்டார்.

பாக்கியநாதன் மல்டிமீட்டரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து எடுத்தார். வால்வுகளைப் பென்சிலால் தட்டினார். ஸ்பீக்கரில் காதை அழுத்தி, மூச்சை நிறுத்தி, வெகுநேரம் கேட்டார். உர்ர்ர் என்று ஒன்றும் இல்லை. பொரிச்சல் இல்லை, இரைச்சல் இல்லை. பெட்டியின் சூடு அவர் முகத்தில் அடித்தது.

"ஒண்ணும் இல்ல பரசுராமன்," என்றார். "எல்லாம் சரியா இருக்கு."